சுவரின் பாதம்

இப்ரியிலிருந்து நாற்பது நிமிடம்.
தார் முடிகிற இடத்தில் கோட்டை தொடங்குவதாக
வரைபடம் சொல்கிறது.
கண் அப்படிச் சொல்லவில்லை.

ஒரு மேடு. அதன் தோளில் சாய்ந்து இன்னொரு மேடு.
நடுவே ஆட்டுப் புழுக்கை,
லபன் குடித்து வீசிய பாட்டில்,
வாசலாய் இருந்திருக்கக்கூடிய ஒரு பள்ளம்.

காலை நாலே முக்கால்.
முக்காலியை விரித்து
குமிழியை வட்டத்துக்குள் கொண்டுவருகிறேன்.
பத்து மணிக்கு மேல் கானல் எழுந்துவிடும்.
நூறு மீட்டருக்கு அப்பால் பிரிசம்
மீன் மாதிரி நீந்தும்; எந்த எண்ணையும் நம்ப முடியாது.

மொபிசுல் கோலோடு ஏறுகிறான்.
அவன் கால் வைத்த இடத்தில்
கோட்டை ஒரு கைப்பிடி சரிகிறது.
"மெதுவா, மெதுவா" என்கிறேன் வாக்கி-டாக்கியில்.
"நான் மெதுவாத்தான் போறேன் பாய்.
இதுதான் வேகமா வருது."

ஒவ்வொரு புள்ளிக்கும் கருவி ஒரு குறி கேட்கிறது.
'சு' என்றால் சுவர்.
'த' என்றால் தரை.
மூன்றாவது குறி கொடுத்தனுப்பவில்லை.

வாதியில் மண்ணெடுத்து, வைக்கோல் போட்டு மிதித்து,
வெயிலில் காயவைத்து அடுக்கிய பச்சைக்கல்
எப்போதோ பெய்த மழைகளில் இளகி
எப்போதும் வீசும் காற்றில் உதிர்ந்து
தன் காலடியிலேயே குவிந்து கிடக்கிறது.
மண்ணோடு மண்ணாய்ப் போச்சு என்று
எவ்வளவு சுலபமாய்ச் சொல்கிறோம்.
எந்த மண்ணோடு எந்த மண்?
அதைத்தான் கேட்கிறார்கள் என்னிடம்,
மூன்று சென்டிமீட்டர் துல்லியத்தில்.

ஏழு மணிக்கு அமைச்சகத்திலிருந்து ஸுவைனா வந்தாள்.
வணக்கம் சொன்னாள், சரிவில் மண்டியிட்டாள்,
செடிக்குத் தெளிக்கிற பாட்டிலால்
வெறும் மண்மீது தண்ணீர் பீய்ச்சினாள்.

தெரிந்தன.
வரிசை வரிசையாய்க் கற்கள்,
இடையே கொஞ்சம் வெளிறிய சாந்து,
நான் 'த' என்று குறித்துவிட்டுப் போன இடத்தில்.
ஒரு கல்லில் நாயின் பாதம்.
காயாத கல்மேல் ஓடியிருக்கிறது.
யாரோ கத்தியிருப்பார்கள்,
கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருப்பார்கள்.
எறிந்தவன் பேர் இல்லை, கோட்டையின் பேரும் இல்லை.
நான்கு விரலும் ஒரு குதியும் இருக்கின்றன.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே
ஈரம் உலர்ந்தது.
மறுபடியும் மேடு.

ஜிஜோ கூப்பிட்டான், சாலைக் கம்பெனியிலிருந்து.
"சேட்டா, சுவரிலிருந்து பன்னிரண்டு மீட்டர் விட்டாப் போதும்.
சுவர் எவிடே, அது மட்டும் சொல்லு."

உச்சிதான் சுவர் என்றால்
லாரிகள் இந்தச் சரிவின்மேல் போகும்,
நாயின்மேல் போகும்.
சரிவும் சுவர் என்றால்
சாலை ஒன்பது மீட்டர் கிழக்கே நகரும்,
ஹமூதின் ஆட்டுப்பட்டி போகும்.
அவர் அங்கேதான் நிற்கிறார்,
என்னையும் முக்காலியையும்
ஒரே மாதிரி பார்த்துக்கொண்டு.

பழைய குறிகளை அழித்தேன்.
மொபிசுலை அடிவாரம் முழுக்க மறுபடி நடக்கவிட்டேன்.
சு. சு. சு. சு.
பதினொன்றரைக்குள் முடிக்க வேண்டும்;
பன்னிரண்டரைக்கு மேல் வெயிலில் நிற்க
சட்டமே விடாது.

கடைசியாக ஆட்டுப்பட்டி.
நாலடிச் சுவர். விளிம்பில் கை வைத்தேன்.
அதே நிறம், அதே வைக்கோல், அதே அகலக் கல்.
"எங்கிருந்து எடுத்தீங்க?" என்றேன் எனக்குத் தெரிந்த அரபியில்.
ஹமூத் மேட்டைப் பார்த்துத் தாடையை நீட்டினார்.
அப்பாவோ, அப்பாவுக்கு அப்பாவோ,
வெட்டிக் கொண்டுவந்து அடுக்கியது.

ஸுவைனா பாட்டிலை எடுக்கவில்லை.
பேனாவை மூடிவைத்து
வேறு பக்கம் பார்த்தாள்.

மொபிசுல் பட்டியின் மூலையில் கோலை நட்டான்.
ஒரு ஆடு பிரிசத்தை முகர்ந்தது.
கருவி குறி கேட்டது.
கொடுத்தேன்.

சாயங்காலம் ஜிஜோ மறுபடி கூப்பிட்டான்.
வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கிறான் போல.
"எந்தா இது? காலையில் அங்கே இருந்த சுவர்
இப்போ இருபது மீட்டர் தள்ளி இருக்கு.
நடக்குதா?"

மெதுவாத்தான், என்றேன்.